வேலை வாழ்வில் பகற்கனவு: ஓசூர் தொழில் வட்டாரம்

பகற்கனவு என்பது, விழித்திருக்கும் ஒருவரின் மனம் கையில் உள்ள வேலையை விட்டு நீங்கி, தானாகத் தோன்றும் நினைவுகளிலும் கற்பனைகளிலும் உலவுவது ஆகும். பேச்சு வழக்கில் இது ‘மனக்கோட்டை கட்டுதல்’ எனப்படுகிறது. சோம்பலின் அடையாளமாகவும் கருதப்படுகிறது. ஆனால் தீராத சிக்கலுக்குப் புதிய வழி தோன்றுவதில் இதற்குப் பங்கு உண்டு என்று உளவியல் ஆய்வுகள் பல கூறுகின்றன.

ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழில் வட்டாரத்தில் இந்தக் கேள்வி நேரடியான பொருள் பெறுகிறது. இயந்திரத்தின் முன் மனம் அலைந்தால் விரல் போகலாம். நாள் முழுவதும் மனம் அலையவே வாய்ப்பில்லை என்றால், தினமும் கண்ணில் படும் குறைக்குக்கூட மாற்று தோன்றாது. எனவே பகற்கனவு நல்லதா கெட்டதா என்பதைவிட, அதை எங்கே விலக்குவது, எங்கே அனுமதிப்பது என்று பிரித்து அறிவதே முக்கியமானது.

வட்டாரமும் வேலையும்

ஓசூர், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. 1971-இல் நிறுவப்பட்ட சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்ததைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள் வந்தன. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகளும் பெருகின. அண்மைக் காலத்தில் போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தயாரிப்பும், ஓசூரை அடுத்த பகுதியில் கைபேசி உதிரிபாகத் தயாரிப்பும் வளர்ந்துள்ளன. கைபேசி உதிரிபாக வேலையில் விடுதிகளில் தங்கியுள்ள இளம்பெண்கள் பெரும் எண்ணிக்கையில் உள்ளனர்.

அசெம்பிளி லைனில் ஒவ்வொரு நிலையத்துக்கும் இத்தனை நொடி என்று நேரம் வகுக்கப்பட்டிருக்கும். ஒருவர் நின்று யோசித்தால் அடுத்தவரின் வேலையும் தேங்கும். இவ்வகை வேலையில் சிந்தனைக்கான இடம் தானாக அமைவதில்லை; அதை யாராவது திட்டமிட்டு ஒதுக்க வேண்டியுள்ளது.

உளவியல் கூறுவது

படைப்புச் செயலை நான்கு கட்டங்களாகப் பிரித்து 1926-இல் எழுதியவர் ஆங்கிலேய அறிஞர் கிரகாம் வாலஸ். சிக்கலை ஆழ்ந்து ஆராய்தல், அதைச் சற்று விட்டுவைத்தல், விடை பளிச்சென்று தோன்றுதல், அது சரியா என்று சோதித்தல் என்பன அவை. பகற்கனவுக்கு உரியது இரண்டாம் கட்டம். மற்ற மூன்றும் இல்லாமல் அது மட்டும் பயன் தராது.

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் சிங்கர், பகற்கனவு ஒரே வகையானது அல்ல என்று காட்டினார். ஆக்கமான கற்பனை, குற்ற உணர்வும் அச்சமும் கலந்த நினைவு, எதிலும் நிலைக்காத கவனச் சிதறல் என மூன்று போக்குகளை அவர் பிரித்தார். வாங்கிய கடனையே நினைத்துக் கொண்டிருப்பதும், வேலையில் உள்ள ஒரு குறைக்கு வழி தேடி மனம் உலவுவதும் இவ்வாறு வேறுபடுகின்றன.

2001-இல் மார்கஸ் ரெய்க்கிலும் உடன் ஆய்வாளர்களும், வெளிப்பணி எதிலும் ஈடுபடாத நேரத்தில் மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குவதை விளக்கினர். ஓய்வில் இருக்கும் மூளை வெறுமனே அணைந்து கிடப்பதில்லை என்பது இதன் பொருள்.

2012-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், பொருள்களுக்குப் புதிய பயன்களைச் சொல்லும் பணி 145 பேருக்குத் தரப்பட்டது. இடையில் எளிய வேலை ஒன்றைச் செய்தவர்கள் மீண்டும் அதே பணிக்குத் திரும்பியபோது, கடினமான வேலை செய்தவர்களையும் சும்மா இருந்தவர்களையும் விட மேலான விடைகள் தந்தனர். ஆனால் இந்த முன்னேற்றம் ஏற்கெனவே பார்த்த கேள்விகளில் மட்டுமே தெரிந்தது; புதிய கேள்விகளில் இல்லை. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவும் இல்லை. 2019-இல் எழுத்தாளர்களையும் இயற்பியலாளர்களையும் கொண்டு நடந்த ஆய்வில், அவர்களின் முக்கிய யோசனைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வேறு ஏதோ செய்துகொண்டு, தொடர்பில்லாத ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியதாகத் தெரிந்தது. மற்ற நான்கு பங்கும் அவ்வாறு மனம் அலைந்தபோது வந்தவை அல்ல.

இயந்திரத்தின் முன்

பவர் பிரஸ், லேத், உருக்கு உலை, உயரமான இடம் ஆகியவற்றில் வேலை செய்வோருக்குப் பகற்கனவு ஆபத்தானது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கை பழகிவிடுகிறது. கை பழகியதும் மனம் வேறிடம் போகிறது. இது தனி ஒருவரின் ஒழுக்கக் குறை அல்ல. 2010-இல் வெளியான, 2,250 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் கேட்ட கேள்விகளுக்கு 46.9 விழுக்காடு முறை ‘மனம் வேறெங்கோ இருந்தது’ என்றே பதில் வந்தது. அவ்வாறு அலையும் நேரத்தில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

ஆகவே ‘கவனமாக இரு’ என்ற எச்சரிக்கைப் பலகை போதாது. இரு கைகளாலும் அழுத்தினால் மட்டுமே இயங்கும் பொத்தான், கை குறுக்கே வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரை, சுழலும் பாகங்களுக்கு மூடி, வேலையிடத்தை அவ்வப்போது மாற்றித் தருதல் ஆகியவை வேண்டும். மனம் அலையும் என்று ஒப்புக்கொண்டு அமைக்கப்படுவதே நல்ல பாதுகாப்பு.

யோசனை போய்ச் சேரும் இடம்

பேருந்தில் வரும்போது ஒரு தொழிலாளிக்கு ஜிக்கில் செய்ய வேண்டிய சிறு மாற்றம் தோன்றலாம். அதைச் சொல்ல இடமில்லை என்றால் அது அன்றே மறைந்துவிடும். ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 1951-இல் தொழிலாளர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. 1962-இல் அந்நாட்டில் தர வட்டங்கள் தோன்றின. ஒரே பிரிவில் வேலை செய்யும் சிலர் கூடித் தங்கள் வேலையில் உள்ள குறைகளைத் தாங்களே ஆராய்வது தர வட்டம் ஆகும். இந்தியாவில் இம்முறை 1980-இல் ஐதராபாத் பெல் நிறுவனத்தில் தொடங்கியது.

ஓசூரில் டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசைப் பெற்றது. அம்மேலாண்மை முறையில் எல்லாத் தொழிலாளர்களின் பங்கேற்பும் ஒரு தூணாகக் கொள்ளப்படுகிறது. அதே 2002-இல், 3.5 மில்லிமீட்டர் மட்டுமே தடிமன் கொண்ட ‘எட்ஜ்’ கைக்கடிகாரத்தை டைட்டன் வெளியிட்டது. அதன் உள் இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். ‘இவ்வளவு மெல்லியதாகச் செய்தால் என்ன?’ என்று கேட்பது கற்பனை. அதைச் செய்து முடித்தது பல ஆண்டு உழைப்பு.

‘கைசன் ஷீட்’ எனப்படும் யோசனைப் படிவம் இன்று பல ஆலைகளில் உண்டு. மாதத்துக்கு இத்தனை என்று கணக்கு வைத்து வாங்கினால் அது சடங்காகிவிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் புழங்கும் ஊரில், வடமாநிலத் தொழிலாளர்களும் நிறைந்துள்ள ஆலையில், படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பலரது யோசனை தாளுக்கே வராது. நிரந்தரத் தொழிலாளர்களை மட்டும் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்களை விட்டுவிட்டால், இயந்திரத்தோடு நாள் முழுவதும் இருப்பவர்களின் அறிவும் விடுபடலாம்.

கேட்க ஆள் இருப்பதன் பயனுக்குத் தமிழ்நாட்டின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கணித மேதை இராமானுஜன். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவர் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இராமானுஜனின் ஆய்வை ஊக்குவித்தார். கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. மேதைமை அவருடையது, அதற்கு நேரமும் காதும் கொடுத்தவர்கள் அந்த அலுவலகத்தில் இருந்தார்கள்.

நேரம்

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்று விதித்தது. உடலின் களைப்பைக் கருதி வகுக்கப்பட்ட இந்த இடைவேளை, மனத்துக்கும் உரியதே.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 12 மணி நேர வேலை, போக வர 2 மணி நேரம், உறக்கம் 8 மணி நேரம் என்று கொண்டால் மிஞ்சுவது 2 மணி நேரம். குளிப்பதும் உண்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதும் அதற்குள் அடங்க வேண்டும். வீட்டுச் சமையலும் தன் தலையில் உள்ள பெண்ணுக்கு அதுவும் இல்லை. இந்நிலையில் இருப்பவரிடம் ‘படைப்பாற்றலோடு சிந்தியுங்கள்’ என்று சொல்வதில் பொருளில்லை.

நடைமுறையில்

சிறிய ஏற்பாடுகள் சில இதற்கு உதவும்:

- வேலையில் உள்ள ஒரு குறையை ஷிப்ட் முடியும் முன் தெளிவாகக் கேள்வியாக்கிக் கொள்ளுதல். கேள்வி இல்லாத மனம் கவலைகளையே சுற்றி வரும்.
- தேன்கனிக்கோட்டை, சூளகிரி, அத்திப்பள்ளிப் பக்கம் போய் வரும் கம்பெனி பஸ்ஸில் கொஞ்ச நேரமாவது கைபேசியை எடுக்காமல் இருத்தல். இரவு ஷிப்ட் முடிந்தவருக்கு அந்த நேரத்தில் உறக்கமே முதல் தேவை.
- தோன்றியதை உடனே தாய்மொழியில் இரண்டு வரி குறித்து வைத்தல்.
- டீ இடைவேளையைக் கூட்டத்துக்கோ அறிவிப்புக்கோ எடுத்துக்கொள்ளாமல் மேற்பார்வையாளர் விட்டுவைத்தல்.
- வந்த யோசனை ஏற்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று சொன்னவருக்கே பதில் அளித்தல்.

இவற்றில் முதல் மூன்றும் தொழிலாளி தானே செய்யக் கூடியவை. கடைசி இரண்டும் நிர்வாகத்தின் பொறுப்பு. அவை இரண்டும் இல்லாத இடத்தில், தொழிலாளி குறித்து வைத்த இரண்டு வரியும் சட்டைப்பையிலேயே தங்கிவிடும்.