பாஸ்வேர்டை மாற்றலாம்... பிளட் ரிப்போர்ட்டை மாற்ற முடியுமா?

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்யாண ஆலோசனை வந்தால், பையனின் படிப்பு, கல்ஃப் சம்பளம், வீடு, வயல் என்று எல்லாமே பேச்சுக்கு வரும். வராதது ஒன்றுதான்: நோய். அப்பாவுக்குச் சின்ன வயதில் வந்த வலிப்பு, அக்கா இரண்டு வருடம் சாப்பிட்ட மனநல மாத்திரை, அம்மாவின் மார்பகக் கட்டி... இவற்றின் ஃபைல் பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கும். சொந்த மருமகளுக்குக்கூடத் தெரியாது.

ஆனால், அந்த ஃபைலின் நகல் வேறு ஓர் இடத்திலும் இருக்கிறது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போட்டபோது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆதார், பான் என அத்தனையையும் ஸ்கேன் செய்து அனுப்பினோமே, அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில். அங்கே யாராவது பூட்டை உடைத்தால்?

உடைத்தார்கள். 2024-ல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தில். மருத்துவக் காப்பீடு மட்டுமே செய்யும் நிறுவனங்களில் நாட்டிலேயே பெரியது அது.

டெலிகிராமில் கேட்டால் கிடைத்தது

2024 ஆகஸ்ட் 13. முகம் தெரியாத ஒருவர் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, 'உங்கள் டேட்டா என்னிடம் இருக்கிறது' என்கிறார். மறுநாள் பங்குச் சந்தைக்கு நிறுவனம் தகவல் தருகிறது. க்ளெய்ம் தொடர்பான சில விவரங்கள் கசிந்ததாகச் சொல்லப்படுவதை விசாரிக்கிறோம் என்பது அதன் சாரம். அந்த ஆகஸ்டிலேயே 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததும் பிற்பாடு வெளியே தெரிந்தது.

பாலிசிதாரர்களுக்கு விஷயம் உறைத்தது செப்டம்பர் 20-ல், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதிய பிறகுதான். டெலிகிராம் செயலியில் 'சென்ஜென்' என்ற பெயரில் ஒளிந்திருந்த ஹேக்கர், கேட்டால் பதில் தரும் சாட்பாட்களை உருவாக்கி வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் அதில் தட்டினால் யாரோ ஒருவரின் க்ளெய்ம் ஃபைல் வந்து விழும். செய்தியாளர்கள் சோதித்துப் பார்த்து 1,500-க்கும் மேற்பட்ட ஃபைல்களை இறக்கினார்கள். பெயர், போன் நம்பர், முகவரி, வரி விவரம், அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோயின் பெயர் எல்லாம் இருந்தன.

அதில் ஒன்று, நமக்குப் பக்கத்து மாநிலமான கேரளத்தில் சிகிச்சை பெற்ற ஒரு வயதுக் குழந்தையுடையது. நோய், ரத்தப் பரிசோதனை, சுமார் 15,000 ரூபாய் பில் எல்லாம் இருந்தன. ராய்ட்டர்ஸ் அந்தக் குழந்தையின் தந்தையிடம் காட்டியபோது, ஆவணம் உண்மைதான் என்றார். இப்படி ஒன்று கசிந்திருப்பதாக அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மொத்தம் 7.24 டெராபைட், 3.1 கோடி வாடிக்கையாளர்கள் என்பது ஹேக்கரின் கணக்கு. முழுவதும் வேண்டுமென்றால் 1,50,000 டாலர் என்று தனி வெப்சைட்டில் விலையும் போட்டிருந்தார். நிறுவனமோ, முதல்கட்ட ஆய்வில் பெரிய அளவில் பாதிப்பு இல்லை, முக்கியமான விவரங்கள் பத்திரமாக இருக்கின்றன என்றது. டெலிகிராமையும் ஹேக்கரையும் எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, இடைக்காலத் தடையும் வாங்கியது. அக்டோபரில், திட்டமிட்ட சைபர் தாக்குதலால் சில விவரங்களை யாரோ சட்டவிரோதமாக எடுத்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது.

உள்ளே இருந்த உயரதிகாரி ஒருவரே விற்றார் என்றும் ஹேக்கர் கிளப்பிவிட்டார். விசாரணையில் அவர் மேல் தவறு எதுவும் தெரியவரவில்லை என்றது நிறுவனம். திருடன் சொல்வதை வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் இதே நிறுவனத்தின் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குத் துப்பாக்கித் தோட்டாக்களுடன் பார்சல் வந்தது. 'நான்தான் அனுப்பினேன்' என்று பிறகு ராய்ட்டர்ஸிடம் சொன்னதும் இதே ஆள்தான். க்ளெய்ம் மறுக்கப்பட்ட கோபத்தில் இவரை ஹீரோவாகப் பார்ப்பவர்கள், அந்த ஒரு வயதுக் குழந்தையின் ஃபைலைக் கடைவிரித்ததும் இவர்தான் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

தலைக்கு ஒரு ரூபாய் ஒன்பது பைசா

2025-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., சைபர் பாதுகாப்பு விதிகளை மீறியதற்காக ஸ்டார் ஹெல்த்துக்கு 3.39 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பெரிய தொகையாகத்தான் தோன்றும். ஹேக்கர் சொன்ன 3.1 கோடிப் பேரால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு ரூபாய் ஒன்பது பைசா. வடசேரி பஸ் ஸ்டாண்டில் அந்தக் காசுக்கு ஒரு வாய் டீகூடக் கிடைக்காது.

அந்த ஒன்பது பைசாவும் பாலிசிதாரருக்கு வராது என்பதுதான் விஷயமே. ஒழுங்குமுறை அபராதத்தில் பாதிக்கப்பட்டவருக்குப் பங்கு இல்லை. நோய் வெளியே தெரிந்துபோன குடும்பம் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

'புதுச் சட்டம் வந்திருக்கிறதே?' என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வெளியாயின. பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், முக்கியமான இந்தக் கடமைகள் எல்லாம் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் அமலுக்கு வருகின்றன. அந்த 250 கோடியும் இந்தியத் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு என்று ஒரு பைசா அந்தச் சட்டத்தில் கிடையாது. அற்பமான புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் போட மட்டும் மறக்கவில்லை!

இதைவிட வருத்தமான சங்கதி ஒன்றும் உண்டு. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மருத்துவ விவரம் போன்ற நுட்பமான தகவலைக் கவனக்குறைவால் பறிகொடுத்த நிறுவனம், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது அது. புதுச் சட்டம் முழுதாக அமலுக்கு வரும்போது அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிடும்.

தூத்துக்குடி கணக்கு

பழைய சட்டத்தால் யாருக்காவது காசு கிடைத்திருக்கிறதா? கிடைத்திருக்கிறது, நமக்குக் கூப்பிடு தூரத்தில். 2007-ல் அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்கு ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் தூத்துக்குடி கிளையில் கணக்கு இருந்தது. வங்கியிலிருந்து வந்தது போலவே வந்த மின்னஞ்சலை நம்பி விவரங்களைக் கொடுத்தார். 6.46 லட்சம் ரூபாய் பறந்துபோனது. பாஸ்வேர்டை நீயே கொடுத்துவிட்டு எங்களைக் கேட்கிறாயே என்பது வங்கியின் வாதம். தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலர்தான் இப்படிப்பட்ட வழக்குகளுக்குத் தீர்ப்பு அதிகாரி. அவர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பணத்தைப் பாதுகாக்கும் ஏற்பாடு வங்கியிடம் போதவில்லை என்று சொல்லி, 2010 ஏப்ரலில் 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கும் வாடிக்கையாளர் பக்கமே நியாயம் நின்றது, ஆனால் 2019-ல். பணம் போனதிலிருந்து கணக்குப் போட்டால் 12 வருடம்.

அங்கே போனது பணம், எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல முடிந்தது. நோய் விவரம் வெளியானால் நஷ்டத்தை எப்படி எண்ணுவது? ஆலோசனை ஏன் முறிந்தது என்று பெண் வீட்டுக்காரர் காரணம் சொல்லிவிட்டா போகிறார்? அந்த வெப்ராளத்துக்கு எந்த நீதிமன்றத்தில் ரசீது காட்டுவது?

ஆஸ்திரேலியா இதே வேதனையை 2022-ல் பட்டது. மெடிபேங்க் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் 97 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. நிறுவனம் பணம் தர மறுத்ததும், கருக்கலைப்பு செய்தவர்கள், போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் என்று தனித்தனிப் பட்டியலாகவே திருடர்கள் வெளியிட்டார்கள். அந்த நாட்டின் தனியுரிமை ஆணையர் 2024-ல் நிறுவனத்தின் மேலேயே வழக்குப் போட்டார். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் யூசர்நேம், பாஸ்வேர்ட் வழியாகத் திருடன் நுழைந்தான், இரண்டாவது சரிபார்ப்பு என்று ஒன்று அந்த வாசலில் இல்லவே இல்லை என்பது குற்றச்சாட்டு. நம் ஊர் கூட்டுறவு வங்கியில் பணம் அனுப்பக்கூட ஓ.டி.பி. கேட்கிறார்கள்! அதே வருடம் ஆப்டஸ் என்ற தொலைபேசி நிறுவனத்தில் கசிவு நடந்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் புது பாஸ்போர்ட் எடுக்கும் செலவை நிறுவனமே ஏற்றது. மனமுவந்து அல்ல, அரசு நெருக்கியதால்தான்.

எல்லாம் தெரிந்த குரல்

கசிந்த விவரம் நம் வீட்டுக்கு எப்படித் திரும்பி வரும்? பெரும்பாலும் ஒரு போன் காலாக. பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருக்க, தக்கலையிலோ குளச்சலிலோ தனியாக இருக்கும் அம்மாவுக்கு அழைப்பு வருகிறது என்று வையுங்கள். 'அம்மா, போன மாதம் உங்க ஆபரேஷன் க்ளெய்ம்ல 18,000 ரூபாய் பாக்கி இருக்கு' என்கிறது குரல். பாலிசி நம்பர், ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் சரியாகச் சொல்கிறது. இத்தனையும் தெரிந்தவன் கம்பெனிக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். இனி அப்படி நினைக்க முடியாது. விவரம் தெரிந்திருப்பது அடையாளமே அல்ல. க்ளெய்ம் பணம் தருகிறவருக்கு நம் ஓ.டி.பி.யும் தேவையில்லை, கியூ.ஆர். கோடும் தேவையில்லை. போனை வைத்துவிட்டு, பாலிசி பத்திரத்தில் அச்சடித்திருக்கும் நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்டால் போதும்.

பணம் போய்விட்டால் உடனே 1930. நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் போலீசாரும் இருக்கிறார்கள். வங்கிக்கும் அதே வேகத்தில் எழுத்துபூர்வமாகச் சொல்லுங்கள். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ உள்ள ஓட்டையால் பணம் போயிருந்தால், வங்கித் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொல்பவருக்கு நஷ்டம் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டால், புகார் கொடுக்கும் நிமிடம் வரை போன பணம் நம் தலையில்தான். அதனால் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சாயங்காலம் வரை காத்திருக்கக் கூடாது.

கம்பெனியை மாற்றலாமா? பழைய பாலிசியில் கழித்த காத்திருப்புக் காலம் வீணாகாமல் வேறு நிறுவனத்துக்கு மாற வழி இருக்கிறது. ஆனால், ஏற்கெனவே வெளியே போன ஃபைல் போனதுதான். புது நிறுவனமும் மருத்துவ விவரம் முழுவதையும் கேட்டு வாங்கி, தன் கம்ப்யூட்டரில் வைக்கும்.

நிறுவனத்தைக் கேள்வி கேட்க இன்னொரு வாசல் இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைப் பிறருக்கு வெளிப்படுத்துவதை 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்றே சொல்கிறது. திருடு போனதும் வெளிப்படுத்தியதாகுமா என்று நிறுவன வக்கீல் கட்டாயம் கேட்பார். கேட்கட்டும், பூட்டு சரியில்லாததைச் சேவைக் குறைபாடு என்று நாம் வாதாடலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கட்டிய பிரீமியம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன் ஒரு கடிதம். 'என் விவரம் கசிந்ததா, எந்தெந்த ஆவணம், எந்தத் தேதியில், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?' என்று நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ கேளுங்கள். பதில் வந்தால் அது சாட்சி. வராவிட்டால், அனுப்பிய ரசீது சாட்சி. பிரீமியம் ரசீதோடு சேர்த்து, பீரோவில் அந்த ஃபைலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.