அடையாள எண் ஒதுக்கீடும் எச்சரிக்கையும்

விண்டோஸ் வலையமைப்பில் டொமைன் எனப்படும் கணினிக் குழுமத்தில் ஒவ்வொரு பயனாளருக்கும் தனி அடையாள எண் உண்டு. ஒருமுறை அளித்த எண் மீண்டும் எவருக்கும் அளிக்கப்படுவதில்லை. இவ்வெண்களைப் பங்கிடும் பொறுப்பு, குழுமத்தின் கட்டுப்பாட்டுக் கணினிகளுள் ஒன்றற்கே உரியது. அத்தலைமைக் கணினி ஏனையவற்றிற்கு 500 எண்கள் கொண்ட தொகுதிகளாக வழங்குகிறது. தொகுதியிற் பாதி செலவானதும் அடுத்தது கோரப்படும்.

கோரிய தொகுதி கிட்டாவிடின், நிகழ்ச்சிப் பதிவேட்டில் 16651 என்னும் குறிப்பு தோன்றும். கைவசமுள்ள எண்கள் தீரும்வரை பணி தடையின்றி நடப்பதால் அது கவனிக்கப்படாமற் போவதுண்டு; தீர்ந்தபின் அக்கணினி வாயிலாகப் புதிய பயனாளர் எவரையும் சேர்த்தல் இயலாது. ஆகவே தலைமைக் கணினி இயங்குகிறதா, அதனுடன் தொடர்பு செம்மையாக உள்ளதா என முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

செயலிழந்த தலைமைக் கணினியின் பொறுப்பை வலிந்து வேறொன்றிற்கு மாற்றியபின், பழையதை மீண்டும் இணைத்தலாகாது. இரண்டும் ஒரே தொகுதியை வழங்கிவிடின், இருவர் ஓரெண் பெறுவர். ஒருவரது உரிமை மற்றவர் கைக்கும் சென்றுவிடும்.