கறையான் தடுப்புச் செலவு

கறையான் தடுப்புச் செலவு என்பது ஒரு வீட்டைக் கறையான் அரிப்பிலிருந்து காப்பதற்காக அதன் உரிமையாளர் தொழில்முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டாளருக்குக் கொடுக்கும் தொகையைக் குறிக்கும். இது வீட்டின் பரப்பளவைப் பொறுத்து சதுர அடிக் கணக்கில் பேசப்படுவது வழக்கம். ஆயினும் மருந்து கட்டுமானத்தின் எந்தக் கட்டத்தில் இடப்படுகிறது, எத்தனை லிட்டர் கரைசல் மண்ணுக்குள் இறங்குகிறது என்ற இரண்டுமே செலவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் வீட்டுக்காரரே கணக்கிட்டுப் பார்க்க இயலும்.

கறையானும் வீடும்

கறையான் மரம், தாள், வைக்கோல் முதலியவற்றிலுள்ள செல்லுலோசை உண்டு வாழும் சமூகப் பூச்சியாகும். செல், சிதல் என்றும் இது வழங்கப்படும். முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசல், இதன் சிறகுள்ள பருவமே. தமிழ்நாட்டில் வீடுகளைத் தாக்குபவற்றுள் பெரும்பாலானவை மண்ணுக்குள் வாழும் இனங்கள். இவை ஈரம் காயாதிருக்க மண்குழாய் கட்டிக்கொண்டு சுவரில் ஏறுகின்றன.

கீழப்பழுவூர் அமைந்துள்ள அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. சிமெண்டு வீட்டைக் கறையான் தின்னாது என்ற நம்பிக்கை அங்கும் உண்டு. அது பாதி உண்மை. கறையான் சிமெண்டைத் தின்பதில்லை. தரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய விரிசல் வழியே புகுந்து நிலை, சன்னல் சட்டம், அலமாரி, பாடப் புத்தகங்கள் ஆகியவற்றை அடைகிறது. இம்மாவட்டத்தில் செம்மண்ணும் கரிசல் மண்ணும் உள்ளன. கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும் இயல்புடையது. அதன்மேல் நிற்கும் வீட்டின் தரையிலும் சுவரிலும் விரிசல் விழும் வாய்ப்பு மிகுதி.

வீட்டருகே உள்ள புற்றைப் பலர் வழிபாட்டுக்குரியதாகக் கருதி இடிப்பதில்லை. இடித்தாலும் பயன் குறைவு. உள்ளிருக்கும் அரசி அழியாத வரை புற்று மீண்டும் வளரும்.

கட்டும்போது இடும் மருந்து

கட்டடங்களில் கறையான் தடுப்பு குறித்த இந்தியத் தரம் ஐ.எஸ். 6313 ஆகும். இதன் முதற்பகுதி கட்டுமான முறைகளையும், இரண்டாம் பகுதி கட்டும்போது இடும் மருந்தையும், மூன்றாம் பகுதி கட்டி முடித்த கட்டடங்களையும் விளக்குகின்றன. அடிமனையில் மண் நிரப்பித் திமிசு போட்ட பின், தரைக் காங்கிரீட்டுக்கு முன்பாக, சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் ஊற்றவேண்டும். கடைக்கால் பள்ளங்களுக்கும் சுவரோர மண்ணுக்கும் தனி அளவுகள் உண்டு.

தமிழக அரசு 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் வீடு 360 சதுர அடி கொண்டது. அதற்கான உதவித்தொகை 3.5 லட்சம் ரூபாய். இவ்வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 360 சதுர அடி என்பது ஏறத்தாழ 33.4 சதுர மீட்டர். தரைக்கு மட்டும் 167 லிட்டர் கரைசல் தேவை. குளோர்பைரிபாசு 20 ஈ.சி. என்னும் மருந்தை 1 விழுக்காட்டுக் கரைசலாக்க 1 லிட்டருக்கு 19 லிட்டர் நீர் சேர்க்கவேண்டும். எனவே 167 லிட்டருக்கு 8 லிட்டருக்கும் சற்று மேற்பட்ட மருந்து வேண்டும்.

இங்கேதான் குறைந்த விலையின் இரகசியம் வெளிப்படுகிறது. சதுர அடிக்கு 5 ரூபாய் என்று ஒருவர் பேசுவதாகக் கொண்டால் மொத்தம் 1,800 ரூபாய். மருந்து லிட்டர் 300 ரூபாய் என்று கொண்டால் தரைக்கான மருந்தின் விலையே 2,500 ரூபாயைத் தாண்டிவிடும். அவ்விலைக்கு ஒப்புக்கொள்பவர் கரைசலை நீர்க்கச் செய்யவேண்டும், அல்லது அளவைக் குறைக்கவேண்டும். ஊற்றிய மறுநாள் காங்கிரீட்டு மூடிவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை. சில ஆண்டுகள் கழித்து நிலையில் மண்குழாய் ஏறும்போதுதான் தெரியும். அப்போது யாரிடமும் எதையும் மெய்ப்பிக்க முடியாது. முத்திரை உடைக்காத மருந்துக் கொள்கலன்களைத் தம் முன்னிலையில் திறக்கச் சொல்வதும், காலியானவற்றை எண்ணுவதும் வீட்டுக்காரருக்குச் செலவில்லாத சோதனைகள்.

இமிடாகுளோபிரிடு 30.5 எசு.சி. என்ற மருந்தாயின் கணக்கு வேறு. லிட்டர் நீருக்கு 2.1 மி.லி. போதும்; அதே 167 லிட்டருக்கு ஏறத்தாழ 350 மி.லி. ஆகும். லிட்டர் விலை எவ்வளவு என்று மட்டும் ஒப்பிடுபவர் இதனால் ஏமாறக்கூடும். கரைத்தபின் ஒரு சதுர மீட்டருக்கு என்ன செலவாகிறது என்பதே சரியான ஒப்பீடு.

கட்டி முடித்த வீடு

குடியிருக்கும் வீட்டில் சுவரும் தரையும் சேரும் இடத்தை ஒட்டி 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளைகள் இட்டு, துளைக்கு 1 லிட்டர் வீதம் கரைசல் செலுத்தப்படுகிறது. பின்னர் துளைகள் சிமெண்டுக் கலவையால் அடைக்கப்படுகின்றன. மேற்கூறிய 360 சதுர அடி வீட்டை 18 அடிக்கு 20 அடி என்று கொண்டு, இடையே ஒரு குறுக்குச் சுவரும் இருப்பின், உட்புறத்தில் மட்டும் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட துளைகள் வரும். அதாவது தரைக்கடியில் செல்லும் கரைசல் நூறு லிட்டரளவே; கட்டும்போது ஊற்றுவதைவிடக் குறைவு. ஆனால் துளையிடும் கூலி, பொருள்களை நகர்த்துதல், தரை ஓட்டின் நிறத்துக்கு ஏற்பத் துளை அடைத்தல் ஆகியவற்றால் செலவு பன்மடங்காகிறது. வெளிச்சுவரை ஒட்டிய மண்ணுக்கும் நிலைகள் சுவரைத் தொடும் இடங்களுக்கும் வேறு கணக்கு. மத்தியப் பொதுப்பணித்துறையின் விகிதப் பட்டியலும் சுவரோரம், தரை, மர வேலைப்பாடு ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை குறிப்பது கவனிக்கத்தக்கது.

கீழப்பழுவூருக்கு ஆட்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வருவாராயின், சிறிய வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் பயணச் செலவு ஒன்றே. இதனால் சிறு வீட்டுக்காரருக்குச் சதுர அடி விலை கூடுதலாகும். அண்டை வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் இச்சுமை பகிரப்படும். எல்லாவற்றுக்கும் மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. வரி உட்பட்ட விலையா என்று முன்பே கேட்டறிதல் வேண்டும்.

மருந்துகளும் சட்டமும்

முற்காலத்தில் ஆல்டிரின், குளோர்டேன், எப்டாகுளோர் போன்ற நீண்டகாலம் அழியாத மருந்துகள் பயன்பட்டன. ஆல்டிரின் இந்தியாவில் 1996-இல் தடை செய்யப்பட்டது. லிண்டேன் 2013-இல் தடைக்குள்ளானது. குளோர்பைரிபாசு 2025-இல் சுடாக்ஓம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில், சில விலக்குகளுடன், சேர்க்கப்பட்டது. புதிய மருந்துகள் பழையவற்றைப் போல மண்ணில் நெடுங்காலம் தங்குவதில்லை. குடிநீர்க் கிணறு அருகிலிருந்தால் கரைசல் அதனுள் கசியாதபடி காக்கவேண்டியது கட்டாயம்.

1968-ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிச் சட்டப்படி வணிக முறையில் பூச்சிக் கட்டுப்பாடு செய்வோர் உரிமம் பெற்றிருக்கவேண்டும். வேளாண் மருந்துக் கடையில் வாங்கித் தாமே ஊற்றுவோரும் உளர். கூலி மிச்சமாகும், ஆனால் தரைக்கடியில் சீராகச் செலுத்தும் கருவியும் பாதுகாப்பு உடையும் அவர்களிடம் இருப்பது அரிது.

உத்தரவாதம்

ஒப்பந்தங்களில் 5 ஆண்டு, 10 ஆண்டு என்று உத்தரவாதம் எழுதப்படுவதுண்டு. இது பெரும்பாலும் கறையான் மீண்டும் வந்தால் இலவசமாக மருந்திடுவதையே குறிக்கும். அரிக்கப்பட்ட கதவுக்கு ஈடு தருவதை அன்று. மருந்தின் பெயர், செறிவு, மொத்த லிட்டர், துளைகளின் எண்ணிக்கை ஆகியவை இரசீதில் இடம்பெறாவிட்டால் உத்தரவாதத்தைக் கோருவது கடினம்.

செலவில்லாத் தடுப்பு

அடிமனை நிரப்பும் மண்ணில் வேர்கள், பலகைத் துண்டுகள், சாரக் கட்டைகள் கிடந்தால் அவை கறையானுக்கு முதல் உணவாகின்றன. அவற்றைப் பொறுக்கி எடுப்பதற்கு அரைநாள் கூலிகூட ஆகாது. சுவரைச் சுற்றிக் காங்கிரீட்டுத் தளம் அமைத்தல், குளியலறைக் கசிவை அடைத்தல், விறகைச் சுவரில் சாய்த்து அடுக்காதிருத்தல் ஆகியவையும் உதவும். மாமரப் பலகை விரைவில் அரிக்கப்படும். தேக்கின் வைரம் நெடுநாள் தாங்கும். நிலைகளை இரும்பிலோ காங்கிரீட்டிலோ அமைப்போர் நிலையைக் காத்துக்கொள்கின்றனர். அலமாரிக்கும் புத்தகத்துக்கும் அது பொருந்தாது.