மண்ணுக்கு ஒரு போர்வை

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் நகரைக் கடந்து மேலே சென்றால் கியா பார்மை அடையலாம். ஒருபுறம் காய்கறித் தோட்டங்கள்; அப்பால் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகள். இவ்வழகையெல்லாம் தாங்கி நிற்பது நம் காலடியிலுள்ள மேல்மண்ணே ஆகும். பெருமழை பெய்யும்போது சாலையோரக் கால்வாயை நோக்குவோம். நீர் செந்நிறமாக ஓடும். பயிர் வளர்க்க வேண்டிய மேல்மண்தான் அவ்வாறு கரைந்து செல்கிறது.

மண் எவ்வாறு அரிக்கப்படுகிறது? பெரிய மழைத்துளி விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் நிலத்தில் விழுகிறது. மூடப்படாத மண்கட்டிகள் அவ்வடியால் சிதறுகின்றன. சிதறிய நுண்துகள்கள் மண்ணிலுள்ள சிறு துளைகளை அடைத்துவிடுகின்றன. அதனால் நீர் உள்ளே இறங்க வழியின்றிச் சரிவில் ஓடத் தொடங்குகிறது. சரிவு மிகுந்தால் வேகமும் மிகும். ஓடும் நீர் மண்ணையும் இட்ட உரத்தையும் ஒருங்கே வாரிச் செல்கிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் மலையில் இவ்விழப்பு சிறிதன்று.

அம்மண் எங்கே போகிறது? ஓடைகளின் வழியே ஆறுகளை அடைந்து, 1963ஆம் ஆண்டில் மின்னாக்கத் திட்டத்திற்காக உருவாக்கப்பட்ட ரிங்லெட் ஏரியில் படிகிறது. ஏரியில் சேறு நிரம்ப நிரம்ப, அது நீரைத் தாங்கும் அளவு குறைகிறது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் கனமழையால் ஏரி நிரம்பி, அணைநீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களும் பலியாயின. மேட்டில் இழக்கும் மண் பள்ளத்தில் வாழ்வோர்க்குத் துன்பமாகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இதனைக் குறைக்கும் எளிய வழிகளுள் ஒன்று மூடாக்கு இடுதல். வைக்கோல், காய்ந்த புல், இலைதழை ஆகியவற்றை மண்ணின்மேல் போர்வைபோல் பரப்புவதே மூடாக்கு. மழைத்துளியின் அடியை அது தான் ஏற்றுக்கொள்கிறது, ஓடும் நீரைத் தடுத்து மெல்ல மண்ணுள் இறக்குகிறது, வெயிலில் ஈரம் காக்கிறது, களையை அடக்குகிறது, இறுதியில் தானே மக்கி உரமாகிறது.

நெல் விளையாத நம் மலையில் வைக்கோலுக்கு எங்கே போவது? தேயிலைத் தோட்டமே இதற்கு விடை தருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடிகளைக் கவ்வாத்துச் செய்யும்போது, வெட்டிய கிளைகளையும் இலைகளையும் அவ்விடத்திலேயே பரப்பி விடலாம். செடிகள் மீண்டும் தழைத்து நிலத்தை மூடும்வரை அவையே மண்ணைக் காக்கும். காய்கறிப் பாத்திகளுக்கு வெட்டிய புல்லைப் பயன்படுத்தலாம். லாலாங் புல்லாயின், பூக்குமுன் வேரின்றி அறுத்தல் வேண்டும். இல்லையேல் அதுவே களையாக முளைத்துவிடும்.

மூடாக்கை இரண்டு அல்லது மூன்று அங்குலக் கனத்தில், சரிவுக்குக் குறுக்காகப் பரப்புதல் நன்று. செடியின் தண்டை ஒட்டி இட்டால் தண்டு அழுகக்கூடும். ஆதலின் சிறிது இடைவெளி விடுதல் வேண்டும். மிகச் செங்குத்தான இடங்களில் மூடாக்கு மட்டும் போதாது. படிவரப்புகளும் வடிகால்களும் உடன் தேவை.

இவ்வுண்மையைப் பள்ளியிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு தட்டுகளில் ஒரே வகை மண்ணை நிரப்பிச் சாய்வாக வைப்போம். ஒன்றின்மேல் மட்டும் காய்ந்த புல்லைப் பரப்புவோம். பூவாளியால் இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றி, வழியும் நீரைக் கண்ணாடிக் குவளைகளில் பிடிப்போம். எந்தக் குவளை கலங்கியிருக்கிறது என்பதை நம் கண்களே கூறும்.

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அக்காலந்தொட்டு நம் முன்னோர் வியர்வை சிந்திப் பண்படுத்திய மண் இது. ஓரங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அது கரைந்தோடச் சில மழைகளே போதும். ஆகவே உதிர்ந்த இலையையும் அறுத்த புல்லையும் குப்பையென எரியாமல், மண்ணுக்குப் போர்வையாக்குவோம். நம் பள்ளித் தோட்டத்திலிருந்தே அதனைத் தொடங்குவோம்!