கூரைப் பணம்!

வானம் இருண்டது, கல்மாரி பொழிந்தது. எலுமிச்சம்பழம் போலக் கட்டி ஒவ்வொன்றும்! அரைமணி நேரம் ஆட்டம், பிறகு அமைதி. மறுநாள் காலையிலே வெயில், பளிச்சென்று, ஒரு பாவமும் அறியாத பிள்ளைபோல!

மழை நின்றது, வந்து போவோர் நிற்கவில்லை. முதலில் வந்தவர் கூரை போடும் காண்ட்ராக்டர். ஏணியும் கையுமாக, சிரிப்பும் முகமுமாக வந்து, "கூரை போய்விட்டது ஐயா! கவலை வேண்டாம், கம்பெனி கொடுக்கும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அடுத்து வந்தவர் இன்ஷ்யூரன்சு கம்பெனியின் மதிப்பீட்டாளர். கூரைமீது ஏறினார், அடிபட்ட இடத்தையெல்லாம் சாக்குக்கட்டியால் வட்டமிட்டார், படம் எடுத்தார், கணக்கெழுதிக்கொண்டு போனார். மூன்றாவதாக வந்தது ஆளல்ல, தம்பி! தபாலிலே ஒரு செக்!

இது நடந்தது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரை அடுத்த ஓர் ஊரில். நம் ஊரிலிருந்து போய் இருபதாண்டு உழைத்து, வீட்டுக்கடனை அடைத்து முடித்துவிட்ட நண்பர் ஒருவரின் வீடு அது. அவர் எனக்கு எழுதுகிறார்:

"அண்ணே, செக் வந்துவிட்டது. கூரை இன்னும் ஒழுகவில்லை. மனைவிக்கு நடந்த அறுவைச் சிகிச்சையில் ஆஸ்பத்திரிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. இந்தப் பணத்தை அதற்குக் கட்டிவிட்டால் என்ன? கூரை இன்னும் இரண்டு மூன்று ஆண்டு தாங்காதா? இது தவறா, அண்ணே?"

தவறா? ஒரு சொல்தான். ஆனால், தம்பி, அந்த ஒரு சொல்லுக்குள்ளே எத்தனை கேள்விகள் அடங்கிக் கிடக்கின்றன! சட்டத்தின் முன் தவறா? கணக்கின் முன் தவறா? அறத்தின் முன் தவறா? மூன்றும் ஒன்றல்ல. தனித்தனியே பார்ப்போம்.

முதலில் சட்டம். வீடு அடமானத்தில் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. செக்கிலே வீட்டுக்காரர் பெயரோடு கடன் கொடுத்தவர் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். இருவரும் கையெழுத்திட்டாலொழியப் பணம் பெயராது. கடன் கொடுத்தவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, வேலை நடக்க நடக்க, ஆள் அனுப்பிப் பார்த்துத் தவணை தவணையாக அவிழ்ப்பார். வீடு அவருக்கு ஈடு. ஈட்டின் தலையிலே ஓட்டை விழ அவர் சம்மதிப்பாரா?

நண்பருக்கோ அடமானம் இல்லை. செக் அவர் பெயருக்கே வந்திருக்கிறது. நட்டம் உண்மை, மதிப்பீடும் உண்மை, பொய்யாக ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. அப்படியானால் பெரும்பாலும் அந்தப் பணம் அவருடையதே. பழுது பார்க்கவில்லை என்பதற்காக மட்டும் போலீஸ்காரர் கதவைத் தட்டுவதில்லை. ஆக, சட்டத்தின் முன்னே நண்பர் குற்றவாளி அல்லர்.

"அப்பாடா!" என்று பெருமூச்சு விடாதே, தம்பி. சட்டம் கைவிலங்கு போடவில்லை என்பதாலே கணக்கு கைகுலுக்கும் என்று எண்ணிவிடாதே!

இனிக் கணக்கு. நண்பரின் வீட்டுக்கு இன்ஷ்யூரன்சு மதிப்பு 3,00,000 டாலர். காற்றாலும் ஆலங்கட்டியாலும் நட்டம் வந்தால், அந்த மதிப்பில் 1 சதவீதம், அதாவது 3,000 டாலர், முதலில் அவர் தலையில் விழும். அதற்கு மேலே உள்ளதுதான் கம்பெனியின் பொறுப்பு. சில ஒப்பந்தங்களில் இது 2 சதவீதமாகவும் இருப்பதுண்டு. புதுக்கூரை போட 15,000 டாலர். கூரைக்கு வயது பத்து. ஆயுள் இருபது என்று கம்பெனி கணித்தது. ஆகவே தேய்மானம் பாதி: 7,500. அதையும் கழித்து, அவர் பங்கான 3,000-ஐயும் கழித்து, முதல் செக்காக வந்தது 4,500 டாலர்.

நிறுத்தி வைத்த அந்த 7,500 எங்கே? கம்பெனியிடமே இருக்கிறது. புதுக்கூரை போட்டு முடித்து, பில்லைக் காட்டினால் அதுவும் வரும். அவருடைய ஒப்பந்தம், புதிதாய்ப் போட ஆகும் செலவை ஈடுகட்டும் ஒப்பந்தம். ஆனால் போட்டால்தான் வரும்! அதற்கும் கெடு உண்டு. 180 நாள் என்றோ, ஓராண்டு என்றோ ஒப்பந்தத்திலே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கெடு கடந்தால் 7,500-ம் கடந்தது!

இப்போது தராசைத் தூக்கிப் பார். கூரை போட்டால், வந்த 4,500-ம் கைப்பணம் 3,000-ம் போகும்; தலைக்கு மேலே 15,000 டாலர் கூரை வந்து உட்காரும். போடாவிட்டால், கையிலே 4,500 நிற்கும். 7,500 கைவிட்டுப் போகும். தலைக்கு மேலே அடிபட்ட பழங்கூரை அப்படியே இருக்கும். அடிபட்ட இடங்களிலே தார் ஓட்டின் மேலுள்ள மணற்பொடி உதிரும், வெயில் தாரை வாட்டும், ஒருநாள் ஒழுகும். அன்றைக்கு 15,000-ம் சொந்தப் பணம்!

அம்மட்டோ? அடுத்த ஆண்டு மறுபடி கல்மாரி பொழிகிறது என்று வை. கம்பெனிக்குக் கடிதம் போடுகிறார். பதில் வருகிறது: "இந்தக் கூரைக்கு முன்பே பணம் கொடுத்திருக்கிறோமே! பழுது பார்த்த பில் எங்கே?" பில் இல்லை, ஆகவே பணமும் இல்லை. கூரை வழியே தண்ணீர் இறங்கிச் சுவர் நனைந்து பூஞ்சை பூத்தால், "தெரிந்தும் கவனியாது விட்டீர், அலட்சியத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று விதியைக் காட்டுவார்கள். புதுப்பிக்கும் நாள் வந்தால், "இந்தக் கூரைக்கு இனி இன்ஷ்யூரன்சு இல்லை" என்று கைவிரிக்கவும் கூடும். வீட்டை விற்கப் போனாலோ, வாங்குபவர் அழைத்துவரும் ஆள் முதலில் ஏறுவது கூரைமேலேதான். விலை மளமளவென்று இறங்கும்.

நம் ஊர் உழவனைக் கேட்டால் ஒரே சொல்லில் சொல்லிவிடுவான்: விதைநெல்! வயிறு காய்கிறது, குதிரிலே நெல் இருக்கிறது, எடுத்துக் குத்திப் பொங்கிச் சாப்பிடு, யார் தடுக்கப் போகிறார்கள்? அவன் நெல், அவன் பானை. ஆனால் ஆடி வரும்போது அவன் கையிலே என்ன இருக்கும்? கூரைப் பணம் விதைநெல், தம்பி!

மூன்றாவது கேள்வி அறம். இது இன்று பிறந்த கேள்வி அல்ல. வயது இருநூற்றைம்பது ஆண்டு! 1774-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் லண்டன் மாநகரின் தீத்தடுப்புக்கென ஒரு சட்டம் செய்தது. அதன் 83-ஆம் பிரிவு என்ன சொல்லிற்று? எரிந்த வீட்டுக்கான இன்ஷ்யூரன்சுப் பணத்தை, அந்த வீட்டிலே உரிமை உள்ளவர் கேட்டாலோ, உடையவரே தீ வைத்தார் என்ற சந்தேகம் எழுந்தாலோ, அந்த வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கே செலவிட வேண்டும் என்றது. ஏன்? பணம் மனிதன் கைக்குப் போனால், வீட்டைக் கொளுத்திக் காசாக்கும் புத்தி சிலருக்கு வரும். பணம் வீட்டுக்கே போனால் கொளுத்துவதில் இலாபம் இல்லை!

1883-ல் இன்னொரு வழக்கு. கஸ்டெல்லன் எதிர் பிரஸ்டன் என்று சட்டம் படிப்போர் அறிவர். வீட்டை விற்க ஒப்பந்தம் ஆயிற்று, கைமாறுமுன் தீப்பிடித்தது. விற்பவர் கம்பெனியிடம் 330 பவுன் வாங்கினார். பிறகு வாங்குபவரிடம் பேசிய விலை முழுவதையும் வாங்கினார். ஒரே நட்டத்துக்கு இரண்டு வரவு! கம்பெனிக்கு அதைத் திருப்பிக் கொடு என்றது நீதிமன்றம். இன்ஷ்யூரன்சு என்பது இழந்ததை ஈடு செய்வது. இழவிலே இலாபம் பார்ப்பது அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

நண்பர் இலாபம் பார்க்கவில்லை. இழந்ததற்கு ஈடு வாங்கினார். அதைக் கூரையில் போடாமல் ஆஸ்பத்திரியில் போட நினைக்கிறார். அவரைத் திருடர் வரிசையில் நிறுத்துவோரோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் திருடர் வரிசை ஒன்று இருக்கிறது. போடாத கூரைக்குப் பொய் பில் காட்டி, நிறுத்தி வைத்த பணத்தையும் பறிப்பவர்கள்! கல் விழாத கூரையிலே சுத்தியலால் தட்டிவிட்டுக் கல்மாரி என்பவர்கள்! "உங்கள் பங்கு 3,000-ஐக் கொடுக்க வேண்டாம், பில்லிலே ஏற்றிவிடுகிறேன்" என்று கண்சிமிட்டும் காண்ட்ராக்டர்கள்! டெக்சாஸ் சட்டப்படி இந்தக் கண்சிமிட்டல் குற்றம். வீட்டுக்காரர் தம் பங்கைக் கொடுத்தாரா என்று கம்பெனி சான்று கேட்கலாம். புளோரிடாவிலோ, வீட்டுக்காரர் தம் உரிமையையே காண்ட்ராக்டருக்கு எழுதிக் கொடுத்துவிட, அவர் கம்பெனிமீது வழக்குத் தொடுக்கும் வழக்கம் மலிந்து கிடந்தது. 2022 டிசம்பரில் சட்டம் செய்து, 2023 சனவரி முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். பொய் பில்லின் பணம் எங்கிருந்து வருகிறது? கம்பெனி முதலாளியின் சட்டைப் பையிலிருந்தா? இல்லை, தம்பி! அடுத்த வீட்டுக் கிழவி கட்டும் பிரீமியத்திலிருந்து!

அதற்காகக் கம்பெனியை ஆலமரத்தடி அறவோனாக்கி மாலை சூட்டவும் நான் தயாரில்லை. கூரை பழசாகிவிட்டால், "புதிது போடும் செலவு தரமாட்டோம், தேய்மானம் போக மிச்சம்தான்" என்று ஒப்பந்தத்தை மாற்றுகிறார்களே, அது யார் நன்மைக்கு? புளோரிடாவில், பதினைந்து ஆண்டுகூட ஆகாத கூரையைக் காட்டி, வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் இன்ஷ்யூரன்சு மறுக்கக்கூடாது என்று 2022-ல் சட்டம் போட வேண்டி வந்ததே, எதனால்?

நெஞ்சைத் தொட்டுச் சொல்: 3,000 டாலர் கையில் உள்ளவன் கூரையைப் போட்டுவிடுகிறான், கம்பெனியிடம் 12,000 வாங்குகிறான். 3,000 கையில் இல்லாதவன் 4,500-ஐ எடுத்து அரிசிக்கும் மருந்துக்கும் கொடுத்துவிட்டு, 7,500-ஐக் கம்பெனிக்கே விட்டுவிடுகிறான். இருவரும் பிரீமியம் ஒன்றாகத்தான் கட்டினார்கள்! உள்ளவனுக்கு முழுக் கூரை, இல்லாதவனுக்கு அரைக் கூரை! பழுது பாராதவனைச் சோம்பேறி என்பது எளிது. அவன் சோம்பேறி அல்லன். கையிலே 3,000 இல்லாதவன்!

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. அலபாமா மாநிலத்தைப் பார். புயலுக்கு ஈடுகொடுக்கும் கூரை போட, வீட்டுக்காரருக்கு 10,000 டாலர் வரை மானியம் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் பொதுவரியிலிருந்து வருவதல்ல. இன்ஷ்யூரன்சுத் தொழிலிடமிருந்தே வாங்குகிறார்கள். அப்படிக் கூரை போட்டவருக்குப் பிரீமியமும் குறைகிறது. 2023-ல் லூசியானாவும் அந்த வழிக்கு வந்தது. கூரை போட முடியாதவனை ஏசுவதைவிட, போட முடிந்தவனாக ஆக்குவது அரசின் வேலை!

நண்பருக்கு நான் எழுதிய பதில் இது:

"தம்பி, நீ தவறு செய்யவில்லை, ஆனால் நட்டப்படப் போகிறாய். ஆஸ்பத்திரிக்காரரிடம் போ. வரிவிலக்குப் பெற்ற ஆஸ்பத்திரியானால், கட்ட முடியாதவருக்கு உதவும் திட்டம் ஒன்றை எழுத்திலே வைத்திருக்க வேண்டும் என்பது உங்கள் நாட்டு 2010-ஆம் ஆண்டுச் சட்டம், அதைக் கேள். கிடைக்காவிட்டால் தவணை கேள். கம்பெனிக்கு, கூரை போடுகிறேன் என்று கெடுவுக்குள் எழுத்திலே தெரிவி. மூன்று காண்ட்ராக்டரிடம் விலை கேள். உன் பங்கை மட்டும் மாதாமாதம் தர முடியுமா என்று பேசு. உன் பங்கைத் தள்ளுகிறேன் என்பவனை வாசலோடு அனுப்பு. போட்டு முடித்ததும் பில்லைக் காட்டி 7,500-ஐ வாங்கு.

கடன்காரன் தவணைக்கு இணங்குவான். மழை இணங்காது!"

கூரைப் பணம் கூரைக்கே, தம்பி! சட்டம் கட்டளையிடுவதால் அல்ல. அந்தக் கூரையின் கீழே படுத்துறங்குவது நம் பிள்ளைகள் என்பதால்!