கங்காணியம்மா யார்?

சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் உள்ளது நல்லதண்ணி. மலையகத் தோட்டங்கள் எங்கும் போலவே அங்கும், காலைப் பிரட்டு முடிந்ததும் கூடை சுமந்து கொழுந்தெடுக்கச் செல்வோர் பெரும்பாலும் பெண்கள். அவர்களை மேற்பார்ப்பவர் கங்காணி. கண்காணிப்பவர் என்பதே பொருள். அச்சொல்லில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. ஆயினும் 'கங்காணியம்மா' என்றால் கங்காணியின் மனைவி என்றே தோட்டத்தில் கொள்வர். துரையின் மனைவி துரைசாணி. ஒரு பெண்ணே அவ்வேலைக்கு வந்துவிட்டாலோ 'பெண் கங்காணி' என்று அடைகொடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. 'ஆண் கங்காணி' என்று எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா?

எழுதுகோல் பிடித்த நாமும் இக்குற்றத்துக்கு உடந்தையே. 'தொழிலாளி தன் மனைவி மக்களைக் காப்பாற்றப் படாத பாடு படுகிறான்' என்று எத்தனை முறை எழுதியிருப்போம்! நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தருபவள் அவ்வாக்கியத்தில் காப்பாற்றப்படும் மனைவி ஆகிவிடுகிறாள்.

வெறும் சொல்தானே என்பீர்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். நிறுவையில் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனது 1984இல்தான். அதற்கு முன் முழுப்பேர் போட்டாலும் அவள் கூலி குறைவு.

மேடையேறிய பெண்ணுக்கும் இதே கதிதான். 1930களில் தோட்டத் தொழிலாளரிடையே தாமே இயற்றிய பாட்டுகளைப் பாடி அவர்களைத் தட்டியெழுப்பியவர் மீனாட்சியம்மாள். அப்பெயரைச் சொன்னால் பலர் விழிக்கிறார்கள்; தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி என்றால் 'ஓ, அவரா!' என்கிறார்கள்.