பெரிய நாய்க்கு ஒரு தற்காலிக வீடு

கிரேட் டேன், செயின்ட் பெர்னார்டு, மாஸ்டிஃப் போன்ற பேருடல் நாய்கள் குட்டியாக இருக்கும்போது மடிக்குள் அடங்கும். ஒரு வயதாகும்போது பலவும் 50 கிலோவை எட்டிவிடும். தீனிச் செலவும் மருத்துவச் செலவும் கட்டுப்படியாகாமல், வாடகை வீட்டில் இடம் போதாமல் பலர் இவற்றைக் கைவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த இனங்களுக்கென்றே தன்னார்வ மீட்புக் குழுக்கள் இயங்குகின்றன. பல குழுக்களுக்குச் சொந்தக் காப்பகம் கிடையாது. தொண்டர்களின் வீடுகளே காப்பகம். சிமென்ட் தரையில் படுத்தே கிடந்தால் இந்தக் கனத்த உடலுக்கு முழங்கை காய்த்துப்போகும் என்பதால் வீடுதான் நல்ல இடம். சில வாரங்கள் அங்கே தங்கினால், குழந்தைகளிடமும் பூனையிடமும் நாய் எப்படிப் பழகுகிறது, சமையல் மேடையில் இருப்பதை எட்டி எடுக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். இந்த நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். அதன் அறிகுறிகளைத் தொண்டருக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும். பிறகு நாயை நிரந்தரமாகத் தத்துக் கேட்பவரின் வீட்டைப் பார்த்த பின்னரே நாய் ஒப்படைக்கப்படுகிறது. ஒத்துவராவிட்டால் குழுவிடமே திருப்பித் தர வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை.